முதல் கம்பி

அந்தக் காணொளி மொத்தம் 11 விநாடி. மதுரையில் சித்தப்பா வீட்டு மொட்டைமாடி, நல்ல உச்சிவெயில். காயப்போட்ட வற்றலுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து கிடாருக்குச் சுருதி சேர்த்துக்கொண்டிருக்கிறார். கிடாரின் தலைப்பக்கம் படத்துக்குள் வரவில்லை. அதனால் கீயை முறுக்கும் இடது கையும் தெரியவில்லை. வலது கைக் கட்டைவிரல் மட்டும் ஆறாவது கம்பியில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே முதல் கம்பிக்கு இறங்குகிறது. தட்டத் தட்டக் கம்பிகள் நெளிகின்றன. இரும்புக் கம்பி என்றே சொல்ல முடியாதபடி, வாசலில் ஈர அரிசிமாவால் இழுத்த நெளிகோலம் போல, தடித்த கம்பியில் பெரிய வளைவுகளாகவும் மெல்லிய கம்பியில் நெருக்கமான சின்ன வளைவுகளாகவும் ஆறும் ஆறு விதமாக அலைகின்றன. சில வளைவுகள் ஊர்கின்றன, சில துள்ளுகின்றன. சித்தப்பாவின் முகத்தில் வழக்கமான அந்தக் கவனம், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு காதால் மட்டும் பார்ப்பது. ஆனால் அவர் கேட்டுக்கொண்டிருப்பது என்ன என்று நமக்குக் கேட்காது. முதலாண்டு நினைவு நாளுக்காகத் தங்கை அவருடைய படங்களையெல்லாம் கோத்துப் பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டபோது, இந்தக் காணொளியின் சொந்த ஒலி அடியில் போய்விட்டது. அசல் அவளுடைய பழைய போனோடு தொலைந்தது. முப்பது வருஷம் மெல்லிசைக் குழுவில் ரிதம் கிடார் வாசித்தவர், கோயில் திருவிழாவிலும் கல்யாண வரவேற்பிலும் மேடையில் மூன்றாவது வரிசையில் நின்றவர், தனியாக அவர் வாசிக்கிற படம் இது ஒன்றுதான். அதில் ஒலி இல்லை.

நினைவு நாளன்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது தங்கை கேட்டாள்: "அண்ணே, கம்பி ஏன்ணே இப்படிப் பாம்பு மாதிரி நெளியுது?" நான் யோசிக்காமல் சொன்னேன்: "அது கேமராவோட கோளாறும்மா, நிஜத்துல அப்படி ஆடாது." அவள் தலையாட்டினாள். சித்தி மட்டும் திரையைப் பார்த்தபடி, "கெடந்து துடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு யாரும் அந்தப் பகுதியை மறுபடி ஓட்டச் சொல்லவில்லை. நான் சொன்ன பதில் அப்போதே எனக்கு உறுத்தியது. பொய் சொன்ன உறுத்தல் அன்று. ஒரு சாட்சியை விசாரிக்காமலேயே பொய்ச்சாட்சி என்று அனுப்பிவிட்ட உறுத்தல். எட்டு மாதமாக அது போகவில்லை.

நிஜத்தில் அப்படி ஆடாது என்று சொன்னேனே, நிஜத்தில் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியுமா? சின்ன வயதில் சித்தப்பாவின் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தட்டியதும் கம்பி காணாமல் போகும். அது இருந்த இடத்தில் நடுவில் அகன்று இரு முனையிலும் குறுகிய, நூற்கதிர் போன்ற ஒரு மங்கல் நிற்கும். மங்கல் மெலிந்து மெலிந்து மறுபடி கம்பியாகும். கம்பியின் ஆட்டம் என்றால் எனக்கு அந்த மங்கல்தான். ஆனால் அதுவும் கம்பி இல்லை. என் கண்ணால் பிரித்துப் பார்க்க முடியாத பல நிலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய பூச்சு. இயற்பியல் சொல்லும் கம்பியோ இரண்டும் அல்லாத வேறொன்று. விரல் இழுத்த இடத்தில் கம்பி கூரை முகடு போல ஒரு முனையாக மடிகிறது. விட்டவுடன் அந்த மடிப்பு இரண்டாகப் பிரிந்து ஒன்று பாலத்தை நோக்கியும் மற்றது தலையை நோக்கியும் ஓடுகிறது. முனைகளில் மோதித் தலைகீழாகத் திரும்புகிறது. எந்தக் கணத்தில் வெட்டிப் பார்த்தாலும் அங்கே ஒன்றிரண்டு மடிப்பு உள்ள நேர்கோட்டுத் துண்டுகள்தாம் இருக்கும். நெளிகோலம் இருக்காது, மங்கலும் இருக்காது. 65 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆறாவது கம்பியில் அந்த மடிப்பு மணிக்கு 385 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. முதல் கம்பியில் அதைப்போல நான்கு மடங்கு. காற்றில் ஒலி போகும் வேகத்தையே அது தாண்டிவிடுகிறது. சித்தப்பாவின் மடியில் கண்ணுக்கு எட்டாமல் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. ஆக, கண் கண்டதும் இல்லை, கேமரா கண்டதும் இல்லை. அப்படியிருக்க, கண்ணின் மங்கலை நிஜம் என்றும் கேமராவின் நெளிவைக் கோளாறு என்றும் எந்த உரிமையில் பிரித்தேன்? கண்ணோடு எனக்குப் பழக்கம் அதிகம், அவ்வளவுதான்.

போன் கேமரா ஒரு படத்தை ஒரே அடியில் எடுப்பதில்லை. அதன் சென்சார் வரிவரியாகப் படிக்கிறது. ஒரு வரி முடிந்து அடுத்த வரி, அதற்கடுத்தது என்று ஓரத்திலிருந்து ஓரம் போய்ச் சேர விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கோ அதற்குச் சற்று முன்பின்னோ ஆகிறது. போனுக்குப் போன் மாறும். அதற்குள் ஆறாவது கம்பி ஒன்றரைத் தடவைக்கு மேல் ஆடிவிடும், விநாடிக்கு 82 முறை ஆடுவது அது. 110 முறை ஆடும் ஐந்தாவது கம்பி இரண்டு தடவையைத் தாண்டும். முதல் கம்பி ஆறரைத் தடவை. ஒவ்வொரு வரியும் தனக்கு எதிரே வந்த கம்பித் துண்டு அந்த நொடித்துகளில் எங்கே இருந்ததோ அங்கே அதைப் பதிகிறது. அடுத்த வரி வருவதற்குள் கம்பி நகர்ந்திருக்கும். எல்லாத் துண்டையும் சேர்த்தால் நெளிவு. இதற்கு வெயில் வேண்டும். வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்திருந்தால் ஒவ்வொரு வரியும் நெடுநேரம் வெளிச்சம் வாங்கியிருக்கும், கம்பி பழைய மங்கலாகவே வந்திருக்கும். மொட்டைமாடி வெயிலில் ஒரு வரிக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படவில்லை. இன்னொன்றும் வேண்டும்: போனை எப்படிப் பிடித்தோம் என்பது. சென்சாரின் வரிகள் போனின் நீளவாக்கில் ஓடுகின்றன. போனைப் படுக்கவைத்து எடுத்திருந்தால் கிடாரின் கம்பி முழுவதும் சில வரிகளுக்குள் அடங்கி, கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பதிவாகி, நெளியாமல் கிடந்திருக்கும். தங்கை எல்லோரையும் போல நிமிர்த்திப் பிடித்தாள். அதனால் வரிகள் செங்குத்தாகிவிட்டன. காலம் படத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கிடைமட்டமாக நடந்தது, கம்பி எந்தத் திசையில் கிடந்ததோ அதே திசையில். அவள் போனைப் பிடித்த பிடிப்பால் வந்தது இந்த நெளிகோலம்.

இது புரிந்த அன்று நான் கம்பியை விட்டுவிட்டுச் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்தேன். கம்பிக்கு உண்டானது முகத்துக்கும் உண்டுதானே. ஒரு காது மறு காதைவிட முன்னால் பதிவானது. இரண்டுக்கும் நடுவே விநாடியில் இருநூறில் ஒரு பங்கு இருக்கலாம். நாம் போனில் எடுத்து வைத்திருக்கும் ஒவ்வொரு முகமும் இப்படித்தான், ஓரம் ஓரமாக வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தது. முகம் மெதுவாக அசைவதால் தையல் தெரிவதில்லை. கம்பி வேகமாக ஆடுவதால் தெரிந்துவிடுகிறது.

போன் வந்ததால் வந்த விசித்திரமும் அல்ல இது. 1824-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் ஒரு கட்டுரை வாசித்தார். பிற்காலத்தில் ஆங்கிலச் சொற்களையெல்லாம் பொருள்வாரியாக அடுக்கிய அகராதிக்காக எல்லோரும் அறிந்த அதே ரோஜே. வேலிக் கம்பிகளின் இடைவெளி வழியாகப் பார்க்கும்போது உருண்டு போகும் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள் வளைந்து தெரிகின்றன, ஏன் என்பது அவருடைய கேள்வி. ஒவ்வோர் இடைவெளியும் ஆரத்தின் வேறு வேறு பகுதியை வேறு வேறு நேரத்தில் காட்டுகிறது, கண் அவற்றைச் சேர்த்து ஒரு வளைகோடாக்கிக்கொள்கிறது என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். புகைப்படக்கலையே சரியாகப் பிறந்திராத காலம். ஒரு வேலி, ஒரு வண்டி, ஒரு மனிதர். தங்கையின் போனில் நடந்தது அங்கே நடந்துவிட்டது. பிறகு, 1910-களின் தொடக்கத்தில், பிரான்ஸின் கார்ப் பந்தயம் ஒன்றில் இளைஞரான ஷாக் ஆன்ரி லார்த்தீக் எடுத்த படம். பந்தயக் காரின் சக்கரம் முட்டை வடிவமாகி முன்னால் சாய்ந்திருக்கும், ஓரத்தில் நிற்கும் ஆட்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். ஷட்டரின் பிளவு புகைப்படத் தட்டை வருடிக்கொண்டு போகும்போது காரும் ஓடியது, அவருடைய கையும் காரைத் தொடர்ந்து திரும்பியது. அந்தப் படத்தைப் பார்க்கும் எவரும் சக்கரம் கெட்டுவிட்டது என்று சொல்வதில்லை. வேகம் என்கிறார்கள். சித்தப்பாவின் கம்பிக்கு நான் கோளாறு என்ற சொல்லைக் கொடுத்தேன்.

சி. வி. ராமனின் பெயர் எனக்கு இங்கே வேறு வழியாக வந்து சேர்ந்தது. திருவானைக்காவலில் பிறந்த அவர், ஒளிச்சிதறலால் உலகப் புகழ் பெறுவதற்குப் பத்து ஆண்டுகள் முன்பே, கல்கத்தாவில் உட்கார்ந்து கம்பிகளின் ஆட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். வில்லால் இழுக்கும் கம்பியைப் பற்றிய அவருடைய நீண்ட ஆய்வு 1918-ல் வந்தது. படம் எடுக்கும் முறை எளிமையானது: கம்பிக்குக் குறுக்கே ஒரு மெல்லிய பிளவு, அதன் வழியே வெளிச்சம், பின்னால் நகர்ந்துகொண்டே இருக்கும் புகைப்படத் தட்டு. பிளவு கம்பியில் ஒரே ஒரு புள்ளியைத்தான் காட்டும். அந்தப் புள்ளி மேலும் கீழும் போய்வர, தட்டு பக்கவாட்டில் நகர, தட்டில் ஓர் அலைக்கோடு விழுகிறது. அந்தக் கோடு கம்பியின் உருவம் அல்ல. ஒரு புள்ளியின் காலவரலாறு. தட்டின் நீளம் என்பது அங்கே நேரம். அவரும் அவருடைய வாசகர்களும் அதை உருவமாக ஒருபோதும் எடுத்துக்கொள்ளவில்லை, எழுத்தைப் போல வாசித்தார்கள். 1921 வாக்கில் அவர் வீணைக்கும் தம்புராவுக்கும் வந்தார். கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் அசையாப் புள்ளி கொண்ட மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது பழைய விதி. தம்புராவில் அவையும் எழுகின்றன, வளைந்த பாலமும் அதன் மேல் செருகிய ஜீவா நூலும் அதற்குக் காரணம் என்று சொன்னார். விதியைவிடக் காதை அவர் அதிகம் நம்பியிருக்கிறார் என்று இதைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

அந்தத் தட்டை நினைத்துக்கொண்டு மறுபடி மொட்டைமாடிக் காணொளியைப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. போனும் அதையேதான் செய்திருக்கிறது. நகரும் தட்டுக்குப் பதில் நகரும் வரி. ஒரே வித்தியாசம், ராமனின் பிளவு ஒரே புள்ளியில் நின்றது, இந்த வரி கம்பியின் நெடுக நடந்துகொண்டே எழுதியது. அதனால் இந்தக் கோட்டில் இடமும் காலமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. கம்பி எந்தக் கணத்திலும் இந்த வடிவத்தில் இருந்ததில்லை. ஆனால் இந்தக் கோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் கம்பி இருந்தது, அந்தப் புள்ளிக்கு உரிய நேரத்தில், தவறாமல். முழு வடிவம்தான் எங்கும் இல்லாதது. இதை எந்தப் பக்கத்தில் எழுதிக்கொள்வது, மெய்யிலா பொய்யிலா? ஒரு படம் என்றால் அது ஒரு கணம் என்று யார் எனக்குச் சொன்னது? சிறுவயதில் ஸ்டூடியோவில் மூச்சைப் பிடித்து நின்றபோது கற்றதோ என்னவோ.

ஒலி இல்லாத காணொளியில் ஒலி இருக்கிறது என்பது இப்படித்தான் எனக்கு உறைத்தது. அலை நெருக்கம்தானே சுருதி. ஒரு ஃப்ரேமை நிறுத்திக் கணினித் திரையின் அகலத்துக்குப் பெரிதாக்கி, பையனின் பள்ளிக்கூட அடிக்கோலை வைத்து அளந்தேன். ஆறாவது கம்பியை அடக்காமலேயே அவர் ஐந்தாவதைத் தட்டியிருந்ததால் இரண்டும் ஒரே ஃப்ரேமில் கிடைத்தன. ஆறாவது கம்பியில் ஓர் அலை, அதாவது ஒரு மேடும் ஒரு பள்ளமும், சுமார் 18 சென்டிமீட்டர். ஐந்தாவதில் பதின்மூன்றரை. நாலுக்கு மூன்று. ஷட்ஜமத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் உள்ள உறவு அது. ஐந்துக்கும் நான்குக்கும் அதுவே, நான்குக்கும் மூன்றுக்கும் அதுவே. மூன்றிலிருந்து இரண்டுக்குப் போகும்போது மட்டும் தூரம் குறைந்து அந்தர காந்தாரமாகிறது. கிடாரில் அப்படித்தான் இருக்க வேண்டும். மில்லிமீட்டர் பிசகும், போன் கண்ணாடியின் வளைவும், என் கைநடுக்கமும் சேர்ந்த அளவுதான், துல்லியம் கொண்டாட முடியாது. இருந்தும் அடிக்கோலில் மத்யமம் விழுந்தபோது நான் சற்று நேரம் எழுந்து போய்விட்டேன்.

ஆனால் கம்பிகள் ஒன்றோடொன்று இசைந்திருந்தன என்பது வேறு, எந்தச் சுருதியில் நின்றன என்பது வேறு. சித்தப்பாவின் குழுவில் அவருடைய காதைப் பற்றி ஒரு பெருமை உண்டு. கீபோர்டுக்காரர் சுரம் கொடுப்பதற்கு முன்பே அவருடைய கிடார் தயாராக இருக்கும், பிறகு ஒத்துப் பார்த்தால் சரியாக இருக்கும் என்பார்கள். கடைசி வருஷங்களில் அவருக்குக் கேட்பது குறைந்துவிட்டது என்று சித்தி சொல்வார், அவர் ஒப்புக்கொண்டதில்லை. அந்த வெயிலில் பக்கத்தில் கீபோர்டும் இல்லை, சுருதிப்பெட்டியும் இல்லை. அப்படியென்றால் முதல் கம்பி எங்கே நின்றது? இங்கேதான் அந்தக் காணொளி எனக்கு எதிர்பாராத ஒன்றைக் காட்டியது. மற்றக் கம்பிகளின் அலைகளெல்லாம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் துள்ளுகின்றன அல்லது ஊர்கின்றன. முதல் கம்பியின் அலை நகர்ந்தும் நகராமலும் நிற்கிறது, தேர் நிலைக்கு வரும்போது கடைசி அடியில் அசைவதைப் போல. போன் விநாடிக்கு 30 ஃப்ரேம் எடுக்கிறது. பதினொரு முப்பது 330. முதல் கம்பியின் சரியான சுருதி விநாடிக்கு 329.63. ஒரு ஃப்ரேமுக்கும் அடுத்த ஃப்ரேமுக்கும் நடுவே கம்பி பதினோரு தடவை ஆடி, மயிரிழை குறைவாக, கிளம்பிய நிலைக்கே வந்துவிடுகிறது. அதனால் அலை நின்றது போலத் தெரியும். அரைச்சுரம் இறங்கியிருந்தால் 311 சொச்சம். அப்போது ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் அலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இடம் மாறித் தாறுமாறாகத் துள்ளியிருக்கும். 300-இலும் 360-இலும்கூட அலை நிற்கும் என்று எனக்கே மறுப்புச் சொல்லிக்கொண்டேன். ஆனால் 300-உம் 360-உம் இரண்டு சுரங்களுக்கு நடுவே அநாதையாகக் கிடக்கும் எண்கள். வாசிப்பவன் எவனும் தெரிந்து அங்கே கம்பியை நிறுத்தமாட்டான். தெரியாமல் நிறுத்தியிருந்தால் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. அதை அலைகளின் எண்ணிக்கையால்தான் மூட முடியும், என் அடிக்கோல் அதற்குப் போதாது. எனக்கு விடை தெரியும் என்று நினைக்கிறேன். தெரியும் என்பதற்கும் தெரிய வேண்டும் என்று விரும்புவதற்கும் நடுவே நான் எங்கே நிற்கிறேன் என்பதில்தான் சந்தேகம்.

2014-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஏப் டேவிஸும் அவருடைய கூட்டாளிகளும், ஒலி புகாத கண்ணாடிக்குப் பின்னால் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டின் கண்ணுக்குத் தெரியாத அதிர்வைப் படம் எடுத்து, அதிலிருந்தே அறைக்குள் ஒருவர் பேசிய பேச்சை மீட்டார்கள். அதற்கு அதிவேகக் கேமரா வேண்டியிருந்தது. ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரணக் கேமராவிலும், வரிவரியாகப் படிக்கும் இதே தன்மையைப் பயன்படுத்தி, ஒலியை ஓரளவு மீட்க முடியும் என்றும் காட்டினார்கள். பலரும் குறையென்று ஒதுக்கியதே அவர்களுக்குக் காதாகிவிட்டது. இதை அறிந்த இரவு, யாரையாவது பிடித்து அந்த 11 விநாடியை ஒலியாக மாற்றச் சொல்லலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். பிறகு வேண்டாம் என்று பட்டது. ஒரு ஃப்ரேமைப் படித்து முடித்த பிறகு அடுத்தது தொடங்கும்வரை கேமரா எதையும் பார்ப்பதில்லை. விநாடியில் ஐந்தில் இரண்டு பங்கு அப்படிக் கண்மூடியே போயிருக்கும். அந்த இடைவெளிகளை யாரோ ஊகத்தால் நிரப்புவார்கள். வருவது ஒரு சுருதியாக இருக்கும், சித்தப்பாவின் கிடாராக இருக்காது. பின்பலகையில் வெடிப்பு விட்டு, ஃபெவிகால் வைத்து ஒட்டி, அதனால் கீழ்ச்சுரங்களில் ஒரு கரகரப்பு ஏறியிருந்த ஒலி அது. தடித்த கம்பியைத் தட்டினால் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முதுகில் அது உணரப்படும். அந்தக் கரகரப்பு இந்த அலைகளில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். தட்டியவுடன் முதல் ஒன்றிரண்டு ஃப்ரேம்களில் வளைவுகள் வழுவழுப்பாக இல்லை, மேட்டில் கூர்மையும் சரிவில் சின்ன உடைசலுமாக இருக்கின்றன. பிறகு மேற்சுரங்கள் முதலில் ஓய, வளைவு உருண்டு சீராகிறது. எந்தக் கிடாரிலும் இப்படித்தான். அந்த உடைசலில் எவ்வளவு கிடாரின் பொது இயல்பு, எவ்வளவு ஃபெவிகால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வரிகள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் நடக்கின்றன என்பதும் நெடுநாள் தெரியாமல்தான் இருந்தது. இடமா வலமா என்பது கம்பியின் நெளிவைப் பார்த்து எளிதில் சொல்லிவிடக்கூடியது அல்ல. காணொளியின் கடைசியில் விடை இருந்தது. முதல் கம்பியும் சரியென்று பட்டதும் சித்தப்பா தலையை லேசாக அசைக்கிறார். வலது உள்ளங்கையைக் கம்பிகளின் மேல் வைத்து எல்லாவற்றையும் அடக்குகிறார். மேடையில் ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவர் செய்வதுதான். ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தால் ஒன்றில் ஆறு கம்பியும் நெளிகின்றன, கை உயரத்தில் இருக்கிறது. இரண்டு ஃப்ரேம் தள்ளி ஆறும் நேர்கோடு, கை அவற்றின் மேல் இருக்கிறது. நடுவில் உள்ள ஃப்ரேமைத்தான் நான் பல நாள் திறந்து வைத்துப் பார்த்தேன். பாலம் இருக்கும் இடப்பக்கம் முதலில் படிக்கப்பட்டிருக்கிறது, தலை இருக்கும் வலப்பக்கம் கடைசியில். இடப்பக்கத்தில் அவருடைய உள்ளங்கை இன்னும் கம்பியைத் தொடவில்லை. கைக்கும் கம்பிக்கும் நடுவே வெயில் ஒரு கோடாகத் தெரிகிறது. அதற்குக் கீழே கம்பி நெளிந்துகொண்டிருக்கிறது. நெளிவு ஒலித்துளை வரை வந்து, அதற்கு அப்பால் ஃப்ரெட்டுகளின் மேல், வற்றல் காயும் பக்கமாகக் கம்பி அடங்கி நேராகக் கிடக்கிறது. கை இன்னும் மேலேதான் இருக்கிறது.